பெரிய வீட்டுப் பங்காளிகள்

தேரிப்பாளையத்துக் கல்யாண மண்டபங்களில் வாசலுக்கு வாழைமரம் கட்ட மறந்தாலும் மறப்பார்கள், முறைப்பொறி வைக்க மறக்க மாட்டார்கள். தராசு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. மாப்பிள்ளை ஒரு விரலை நீட்டுவார், பெண் ஒரு விரலை நீட்டுவாள். பெட்டி ஆளுக்கொரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, அரை நிமிடம் யோசிக்கிற பாவனை காட்டிவிட்டு, பதமான பெண்குரலில் இவர் இன்ன கூட்டம், இவர் இன்ன கூட்டம், முறை உண்டு என்று அறிவிக்கும். அதற்குப் பிறகுதான் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைப்பார். ஒரே கூட்டம், பங்காளி, அண்ணன் தங்கை முறை என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கல்யாணம் நின்று, ஆக்கிய விருந்து மொத்தமும் அநாதை விடுதிக்குப் போனது. ஊர் அதை இன்னும் துக்கமாகச் சொல்லும். விடுதிப் பிள்ளைகள் அடுத்தது எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பொறியைச் செய்து நாடெங்கும் விற்றவர் உள்ளூர்க்காரர்தான். நற்குருதி நிறுவனத்து டாக்டர் தேவசிகாமணி. பெரிய வீட்டுக்காரர். கட்டின காலத்தில் அந்த வீடு பெரிதாகத்தான் இருந்திருக்கும். இப்போது பேருந்து நிலையத்துக் கழிப்பறையே அதைவிட அகலம். ஆனாலும் அவர்கள் வகையறாவுக்கே பெரியவீட்டுக் கூட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது. டாக்டருக்குத் தன் ரத்தத்தின் மேல் உள்ள மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கொசு கடித்தால் அடிக்கக்கூட மாட்டார், கொடுத்துவைத்த கொசு என்று விட்டுவிடுவார் என்று அவருடைய டிரைவரே டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாளில், வீரி அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் பாத்திரம் கழுவவும் பெருக்கவும் வந்து சேர்ந்தவள். ஊமத்தமலையில் கல்மூங்கில்பதி அவள் ஊர். வயது முப்பத்தாறு, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். இடது காலை இழுத்து நடப்பாள். மலையை விட்டு ஏன் வந்தாள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் மூன்று வருஷமாக நோண்டியும் அவள் வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காதவளைப் பற்றித்தானே ஊருக்குக் கதை ஊறும்? புருஷனை விட்டு ஓடி வந்தவள், சாராய வழக்கில் தேடப்படுகிறவள் என்று நாலு கதை உலவியது. நாலும் பொய். நிஜத்தைக் கேட்டிருந்தால் அந்தப் பெண்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

துணியைச் சுருட்டி ஓட்டைக்குள் விட்டுத் துடைத்தபோது ஊசி சுருக்கென்று விரலில் ஏறியது. பெட்டி முனகியது. யோசித்தது. "பெரியவீட்டுக் கூட்டம்" என்றது. பிறகு, "துணைவரின் விரலை வையுங்கள்" என்றது.

மண்டப மேனேஜர் சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்புள்ள வீரி, டாக்டரய்யாவுக்கு நீ தங்கச்சியா? இத்தன நாளாச் சொல்லவே இல்லியே! நாங்க பாட்டுக்கு உன்னையப் பாத்தரம் கழுவ விட்டுட்டமே!"

"பொறி சொல்லுதுங்க."

"ஈரத்துணிய உட்டு நோண்டுனா அது ஒளறத்தான் செய்யும். போ, போயி அண்டாவக் கவுத்து வை."

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வீரி இன்னொரு விரலை வைத்தாள். அதே பதில். இன்னொரு கைவிரல். அதே பதில். பெட்டிக்கு ஈரத்துணியால் சளி பிடிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தேவசிகாமணி என்ற பெயரும் அவளுக்குப் புதிதல்ல.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நற்குருதியின் ஜீப் கல்மூங்கில்பதிக்கு ஏறியது. பதிச் சனத்தில் பலருக்குப் பரம்பரையாக அரிவாள் சோகை உண்டு. ரத்த அணு உருண்டையாக இல்லாமல் அரிவாள்போல் வளைந்து, ரத்தக் குழாய்க்குள் சிக்கி, குளிர் அடித்தால் எலும்பெல்லாம் குத்தும். ஒரே ஒரு ஊசி, ஆயுசுக்கும் வலி இருக்காது என்றார் டாக்டர். சும்மா சொல்லக்கூடாது, வலி நிஜமாகவே போயிற்று. ஏழு பேர் போட்டுக்கொண்டார்கள். ஏழாவது ஆள் வீரி. அப்போது அவள் மடியில் எட்டு மாதத்து மகன். காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டதற்கு, நல்லதுதான் எழுதியிருக்கு என்றார்கள்.

பதியில் ஒரு வழக்கம். தாய் தேனெடுக்கவோ கூலிக்கோ போயிருக்கும்போது பிள்ளை அழுதால், பக்கத்தில் பால் உள்ளவள் எவளோ அவள் எடுத்து மார்பில் போட்டுக்கொள்வாள். அன்றிலிருந்து அது அவளுக்கும் பிள்ளை, பால்பிள்ளை. வீரிக்குப் பால் அதிகம். நாலு பால்பிள்ளைகள் சேர்ந்தன. நாலில் செல்லம் சிட்டை, பொன்னியின் மகள். பொன்னியும் வீரியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்தவர்கள்.

ஐந்தாறு வருஷம் கழித்துப் பிள்ளைகளின் கால் விறைக்கத் தொடங்கியது. கால் போன பிறகு ரத்தம் வெளுத்தது. முதலில் போனவன் வீரியின் சொந்த மகன். பிறகு பால்பிள்ளைகள் இரண்டு. அந்தப் பிள்ளைகளைத் தூக்கிப் பாலூட்டிய, அந்தப் பிள்ளைகளோடு பால் பங்கிட்ட வீடுகளிலெல்லாம் ஒவ்வொருவராக. அப்போது நற்குருதி மறுபடியும் ஜீப்பில் வந்தது. இந்த முறை ஊசி இல்லை, அறிக்கை. மலைச்சனத்தின் ரத்தத்தில் பழங்காலத்து ரெட்ரோ வைரஸ் ஒன்று இருக்கிறது, அது அவர்களின் பழக்கத்தால் பரவியிருக்கிறது. 'மூல காரணம் ஏழாம் நபர்' என்று அதில் ஒரு வரி. பதியில் ஏழாம் நபர் யாரென்று குழந்தைக்கும் தெரியும். பிறகு சுவரொட்டி வந்தது. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் ஒரு பெண், அவள் மார்பின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. படம் வரைந்தவன் யாரோ, மூக்குத்தி உட்பட வீரியைப் போலவே வரைந்து வைத்திருந்தான்.

சிட்டைக்குக் கால் விறைத்த அன்று பொன்னி வந்து வாசலில் நின்றாள்.

"என் புள்ளைக்கு எதுக்குடி குடுத்த?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீரி மலை இறங்கிவிட்டாள்.

மாதம் ஒருமுறை வீரியின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறவர் ரயில்வே கேட் பக்கம் அரசு ரத்தப் பரிசோதனை நிலையத்து ஷாகிரா. ஊரில் வீரியோடு உட்கார்ந்து டீ குடிக்கும் ஒரே ஆள். விஷயத்தைக் கேட்டு முதலில் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குளிர்பெட்டியில் எட்டுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். அரசாங்கச் சோதனை என்றதும் சென்னியப்பன் விலகி நின்றார். நோய் உள்ள பதிக்காரர்கள் ஆறு பேருடைய ரத்தத்துக்கு ஆறு முறையும் 'பெரியவீட்டுக் கூட்டம்' என்றது பெட்டி. நோய் இல்லாத இரண்டு பதிக்காரர்களுக்கு, 'கூட்டம் பதிவில் இல்லை' என்றது. சந்தேகத்துக்குச் சென்னியப்பனின் விரலையும் பிடித்து வைத்தார் ஷாகிரா. அவர் கூட்டத்தைச் சரியாகச் சொல்லிற்று. அவர் சிரிப்பு அத்தோடு நின்றது.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஷாகிரா கதவைச் சாத்தினார்.

"சாதாரண வைரஸ் வாடகைக்கு வர்ற மாதிரி, வீரி. நாலு நாள் தங்கும், வீட்ட நாறடிக்கும், போயிரும். ரெட்ரோ வைரஸ் அப்படி இல்ல. உள்ள வந்ததும் நேராப் போயி வீட்டுப் பட்டாவுலயே தன் பேர எழுதிக்கும். அப்புறம் காலி பண்ண வெக்கவே முடியாது."

"எங்களுக்கே இன்னும் பட்டா குடுக்கலீங்க மேடம். அதுக்குக் குடுத்துட்டாங்களாக்கும்?"

ஷாகிராவுக்குச் சிரிப்பு வந்து, வந்ததற்கு வெட்கமும் வந்தது.

"அந்தக் கொணத்தத்தான் டாக்டர் மருந்தா மாத்துனார். ஒரு வைரஸோட பல்லப் புடுங்கிட்டு, நல்ல ரத்தத்தோட எழுத்த அது முதுகுல ஏத்தி அனுப்புனார். அது போயி உங்க ரத்தத்துல நல்ல எழுத்த எழுதி வெச்சுது, வலி போச்சு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா உங்க சனத்து ஒடம்புல ஏற்கெனவே ஒரு பழைய வைரஸ் யாருக்கும் தொந்தரவு குடுக்காமத் தூங்கிட்டு இருந்திருக்கு. இவர் அனுப்புனது அதோட கூட்டுச் சேந்துக்கிச்சு. புடுங்குன பல்லு மறுபடி மொளச்சுது. பாலோட போகவும் கத்துக்கிச்சு."

"அந்த நல்ல ரத்தம் யாரோடதுங்க?"

"அங்கதான் மாட்டிக்கிட்டார். ஒவ்வொரு கூட்டத்து ரத்தத்துலயும் பரம்பரையா வர்ற ஒரு எழுத்துப்பிழை இருக்கும். கெடுதல் ஒண்ணுமில்ல, எப்பவோ பாத்து எழுதறப்ப விழுந்த பிழை. அத வெச்சுத்தான் பொறி கூட்டம் சொல்லுது. பெரியவீட்டுப் பிழை உங்க எல்லாருக்குள்ளயும் அச்சு அசலா இருக்கு. ஊருல எத்தனையோ பேரு ரத்தம் கெடச்சிருக்கும் அந்த மனுசனுக்கு. அசல் ரத்தமா வேணும்னு தன்னோடதையே எடுத்திருக்கார்."

நூறு வருஷமாக ஊர் எழுந்து நின்று கும்பிட்டது ஒரு எழுத்துப்பிழையைத்தான் என்று வீரிக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்கு வேறொன்று தோன்றியது.

"அப்ப மூலம் நானில்லீங்க."

"நீ இல்ல. ஊசி."

வீரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மருந்து?" என்றாள்.

"இருக்கு. ஏதாவது தப்பா ஆனா நிறுத்தணும்னு அவங்களே செஞ்சு வெச்ச மாத்திரை. அந்த ஒரு வைரஸுக்குத்தான் பொருந்தும், பூட்டுக்குச் சாவி மாதிரி. போன கால் திரும்ப வராது. ரத்தம் வெளுத்தவங்களுக்கும் பிரயோசனமில்ல. மத்தவங்க பொழைச்சுக்குவாங்க, இனிமேப் பரவாது. ஆனா சாவிய நீட்டுனா பூட்டு அவங்களோடதுன்னு ஆயிருமே. கெடங்குல வெச்சிருக்காங்க."

"என் ரத்தம்?"

ஷாகிரா குப்பிகளை அடுக்க ஆரம்பித்தார். வீரிக்கு அது போதும்.

பதியில் இன்னும் கால் விறைக்காத பிள்ளைகள் பதினேழு பேர். வழக்குப் போடலாம் என்றார் ஷாகிரா. பொறி அவர்களுடையது, பொறி தப்பு என்று அவர்களே வந்து சாட்சி சொல்வார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுக்கும் என்றும் சொன்னார்.

"எங்க சனத்துலயும் பால் ஒறவு உண்டு, வீரி. ஒரே மார்ல குடிச்சா அண்ணன் தங்கச்சி, நிக்காஹ் ஆகாது."

"உங்க தெருச் சுவத்துல அந்தப் படத்த ஒட்டுனாங்களா?"

"இல்ல."

"ம்" என்றாள் வீரி. கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றாள். "டாக்டர் மகளுக்கு ஆனி ஒம்பது கல்யாணமுங்க. எங்க மண்டபந்தான். பங்காளி ஊட்டுல எழவு விழுந்தா பதினாறு நாளைக்கு நல்ல காரியம் செய்யக்கூடாதுங்கல்ல?"

பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியாத சடங்கு ஊரில் ஏது? மூன்று வருஷத்தில் இரண்டு கல்யாணம் அப்படித் தள்ளிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். ஷாகிராவுக்குப் புரிந்தது.

"உங்க பதியிலயும் பதினாறு நாளா?"

"நாங்க பொதைச்ச மக்காநாளே வேலைக்குப் போயிருவமுங்க. இது அவங்க கயிறு. அவங்களுக்குத்தான் சரியா இறுக்கும்."

எழவுக்கு அவள் வேண்டிக்கொள்ளவில்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஊர் பிற்பாடு பேசியது வேறு மாதிரி. ஆனி மூன்றாம் தேதி மத்தியானம் சிட்டை போய்விட்டாள் என்று தகவல் வந்தபோது, வீரி கழுவிக்கொண்டிருந்த அண்டாவுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு அழுதாள். அண்டா அதைப் பத்து மடங்காக்கி மண்டபம் முழுக்கக் கேட்கவைத்தது.

பதிக்கு ஏறிப் போனாள். சிட்டையைக் கிடத்தியிருந்த இடத்துக்கு இருபது அடி தள்ளியே நின்றாள். பொன்னி நிமிர்ந்து பார்க்கவில்லை. பதிக்குத் தலைவரான மூப்பன் கரடனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். மூப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் வாயில இருந்து வருமா?"

"அவன் வாயில இருந்துதான் வரோணும்."

மறுநாள் காலை கொட்டு அடிக்கிற இரண்டு பேர், மூப்பன், வீரி நால்வரும் இறங்கினார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் முப்பது அடி பின்னால் பொன்னியும் வந்துகொண்டிருந்தாள்.

பெரிய வீட்டில் அன்று முகூர்த்தக்கால் நடுகிறார்கள். வாசல் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம். சம்பந்தி நாச்சிமுத்து குடும்பத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டரின் அக்கா மயிலாத்தாள் கையில் பால்சொம்போடு குழியருகே நிற்கிறாள். எழுபது வயது; அந்த வீட்டில் டாக்டரே அவளைக் கேட்டுத்தான் தும்முவார். அந்த நேரத்தில் சாவுக்கொட்டு தெருமுனையில் கேட்டது. யார் வீட்டுக்கோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கொட்டு இந்த வாசலில் வந்து நின்றது.

மூப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "எழவு சொல்ல வந்தமுங்க. கல்மூங்கில்பதியில பொன்னி மக சிட்டை, பதினோரு வயசு, நேத்து மத்தியானம் போயிருச்சு. மொத மண்ணுப் போடப் பங்காளிக வரோணும்."

"யாருக்குய்யா பங்காளி?" என்று ஒறம்பரையில் ஒருவர் எகிறினார்.

வீரி முன்னால் வந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாமி என்று கூப்பிட்ட ஆளை நேராகப் பார்த்தாள்.

"இவருக்குத்தானுங்க. என்னங்க பங்காளி, என்னையத் தெரியலீங்களா? ஏழாம் நபர்."

தெரிந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "யாருய்யா இவங்களை உள்ள விட்டது?" என்று டாக்டர் வாட்ச்மேனைத் தேடினார். வாட்ச்மேன் வேடிக்கை பார்க்க வசதியான இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பின்னாலேயே ஷாகிரா அரசு வண்டியில் வந்து இறங்கினார். சம்பந்திகள் வரும்போது பார்த்துச் சரிசெய்துகொள்ள வீட்டு வாசலிலேயே ஒரு முறைப்பொறி வைத்திருந்தார்கள், பளபளவென்று, குங்குமம் எல்லாம் இட்டு. வீரி யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் விரலை வைத்தாள்.

"பெரியவீட்டுக் கூட்டம்" என்றது பெட்டி, வாசல் முழுக்கக் கேட்கும்படி.

"பழுது! பொறி பழுதாயிருச்சு!" என்றார் டாக்டர்.

நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். "பழுதுங்களா? போன வாரம் இதே பொட்டிதானே சம்மந்தி, என் பையனுக்கும் உங்க பொண்ணுக்கும் முறை உண்டுன்னுச்சு? அப்ப அதுவும் ஒளறுனதுங்களா?"

ஒறம்பரையில் ஒரு சலசலப்பு. அங்கே நின்றிருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் பொறி பார்த்து நடந்த கல்யாணம் ஒன்றாவது உண்டு. ஒரு அம்மாள் தன் மருமகனை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இல்ல, இல்ல. பொறி சரியாத்தான் இருக்கு. அறிவியல் வேற, முறை வேற..."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லித்தானே தம்பி இத வித்த?" என்றாள் மயிலாத்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியற மாதிரிச் சொல்லு. நம்ம ரத்தம் இவங்களுக்குள்ள எப்பிடிப் போச்சு?"

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். படித்த மனிதர், சட்டென்று ஒரு சந்து கண்டுபிடித்தார். "பழைய காலம்... மலையில நமக்குக் காடு இருந்துச்சு. நம்ம பெரியவங்க யாராவது போக வர இருந்திருப்பாங்க. அப்பாகூட அடிக்கடி வேட்டைக்குப் போவாரில்ல..."

முதன்முறையாகப் பொன்னியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. காறித் துப்பிய சத்தம். ஆனால் அதற்குள் மயிலாத்தாள் பால்சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். டணாரென்று வைத்தாள்.

"ஆரடா சொல்ற? எங்கப்பனையா? செத்து முப்பது வருசமாவுது, படத்துக்கு இன்னும் மால வாடல, அந்த மனுசனையா?"

"அக்கா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சு வேண்டாம். ஒண்ணு எங்கப்பன் அயோக்கியன். இல்லாட்டி நீ அயோக்கியன். ரெண்டுல ஒருத்தன் பேருதான் இன்னிக்கு மிஞ்சும். இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லு."

ஆளாளுக்கு அலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மாடியில் டாக்டரின் மகள் தாரகை, மருதாணிக் கையைக் காயவைத்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீரி அவளையும் பார்த்தாள். ஒன்றுமறியாத பெண்தான். பாவம் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவளுக்குப் பாவம் பார்க்க ஊரே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பெரியவீட்டுக் கூட்டத்தின் பெருமை அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருஷம் இழுத்திருக்கக்கூடிய மனிதர், செத்துப்போன அப்பாவுக்காக இரண்டு நிமிடத்தில் உடைந்தார்.

"ஊசியில போட்டது என் ரத்தத்துல எடுத்ததுதான்" என்றார். குரல் தரையைப் பார்த்து வந்தது. "அந்த வைரஸ் எங்களோடது."

"சத்தமா" என்றாள் வீரி.

"எங்க ஊசியாலதான் வந்தது!"

"பாலால?"

"பால் எடுத்துட்டுப் போச்சு. வந்தது ஊசியால."

ஷாகிரா கேட்டார்: "அப்ப மாத்திரை, டாக்டர்?"

"வெள்ளிக்கெழம அனுப்பறேன்."

நாச்சிமுத்து குடும்பத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, முறை தெரிந்தவர். "எழவு விழுந்த ஊட்டுல கால் நடக்கூடாதுங்க சம்மந்தி. பதினாறு கழிஞ்சு வேற முகூர்த்தம் பாக்கறதுக்குள்ள ஆடி பொறந்துரும். ஆவணியில பாத்துக்கலாம்" என்றார். ஆவணி என்று சொன்ன விதத்தில், ஆவணியில் வேறு பெண் பார்க்கும் உத்தேசமும் கொஞ்சம் கலந்திருந்ததாக அங்கிருந்தவர்கள் அபிப்பிராயப்பட்டார்கள்.

மயிலாத்தாள் குழியைக் காலால் மூடினாள். அடுப்பை அணைக்கச் சொன்னாள். நாவிதருக்கு ஆள் அனுப்பினாள். தலையும் மீசையும் போன டாக்டரை அவளே காரில் ஏற்றி, அவளே பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கு அழைத்துப் போனாள். டாக்டரின் மொட்டை திருப்பதி வேண்டுதல் என்று நற்குருதி நிறுவனம் அன்று மாலையே பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தது. அதற்குள் வாசலில் பேசியதை ஊர் இருபதாயிரம் தடவை பார்த்து முடித்திருந்தது.

பதியில் டாக்டர் முதல் மண் போட்டார். பாதி மண் அவர் காலிலேயே விழுந்தது. மயிலாத்தாள் சிட்டையின் குழியருகே உட்கார்ந்து, தெரிந்தவரைக்கும் ஒப்பாரி வைத்தாள். அதில் நடிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. பங்காளிப் பிள்ளை என்று முடிவானபின் அழாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. கிளம்பும்போது மூப்பனிடம், "இதுக்கு முன்னாடி போனவங்க எத்தன பேருங்க?" என்று கேட்டாள். "பத்தொம்பது" என்றார் மூப்பன். அவள் காரில் ஏறியதும், "தம்பி, இன்னும் பத்தொம்பதுக்கு நாம தீட்டுக் காக்கல" என்று சொன்னது வெளியே கேட்டது. கார் போனது.

சனம் கலைந்த பிறகு வீரி குழியருகே வந்தாள். இந்த முறை இருபது அடி தள்ளி நிற்கவில்லை. பொன்னி மண்ணைத் தட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் காத்திருந்த வீரி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"கேட்டயா?" என்றாள் கடைசியில்.

"கேட்டன்" என்றாள் பொன்னி. "ஊசி அவனுது."

வீரி இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

"பாலு உன்னுதுதானடி" என்றாள் பொன்னி.

வீரி அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்து அவளும் மண்ணைத் தட்டினாள். நான்கு கைகள் தட்டத் தட்ட மண் இறுகிக்கொண்டு வந்தது. பொன்னி அவளைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

"மாத்திர எனக்குப் பிரயோசனப்படாதாம்" என்றாள் வீரி, யாரிடமோ சொல்வதுபோல. "ரத்தம் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. மேடம் வாயால சொல்லல. எனக்குத் தெரியுது."

பொன்னியின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி தட்டியது.

"அந்தப் பொண்ணுக்கு ஆவணியில மறுபடி தேதி வெப்பாங்க. இந்த மாப்பிள்ள இல்லாட்டி வேற மாப்பிள்ள. நான் போனன்னா கீழ சொல்லிவிடச் சொல்லு மூப்பங்கிட்ட. கால் நடறன்னிக்குப் பாத்துச் சொல்லோணும்."

"ஆவணி வரைக்கும் தாங்குவயா?"

"தாங்கோணும்."

பொன்னி கையிலிருந்த மண்ணை முந்தானையில் துடைத்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக வீரியின் முகத்தைப் பார்த்தாள்.

"மூப்பன் எதுக்கு?" என்றாள். "நானே போயிச் சொல்றன்."